நான்தான் கொண்டுபோட்டன்

யோகராஜா தொலைபேசியில் ஒருநாளும் தன் பெயரைச் சொன்னதில்லை. மணி அடிக்கும். எடுத்தால் "நான்தான்" என்பான். எந்த நான் என்று நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் மனுசன் உயிரோடு இருந்த காலத்தில் இதற்காகவே அவனோடு கொழுவுவார்.

"எந்த நான்தானடாப்பா? லண்டனிலை ஆயிரம் நான்தான் திரியுது."

மறுபக்கத்தில் ஒரு சின்னச் சிரிப்பு கேட்கும். பிறகும், "நான்தான் அத்தான்" என்றுதான் வரும்.

அவன் என் சின்னம்மாவின் மகன். அம்மாவோடு சேர்த்து அவர்கள் ஐந்து பெண்கள். அம்மா இரண்டாவது, அவன் தாய் கடைசி. அதனால் அவன் எனக்குத் தம்பி முறை என்றாலும் என்னைவிட இருபது வயது இளையவன். அவன் கட்டிய தவமலர் அவனுடைய சொந்த மாமி மகள், தகப்பனின் தங்கை பெற்ற பிள்ளை. தவமலருக்கு ஒரே ஒரு தம்பி, இராஜேந்திரன். ஆகவே செத்தவன் யோகனுக்குப் பெண்சாதியின் தம்பி மட்டுமல்ல, பிறந்த நாளிலிருந்தே மச்சான். இதை இங்கே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் கோர்ட்டில் அவனை 'வாடகைக்கு இருந்தவர்' என்றுதான் கடைசிவரை சொன்னார்கள்.

யோகன் எண்பத்தொன்பதில் வந்தவன். கிங்ஸ்பரியில் ஒரு பெற்றோல் செட்டில் பதினான்கு வருடம் கல்லாவில் நின்றான். வெம்பிளியில் வீடு. இரண்டு பெண் பிள்ளைகள். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லாத மனிதன். ஒரு குணம் மட்டும் உண்டு. எங்கே எது பிழைத்தாலும் தானே போய் ஏற்றுக்கொள்வான். என் பேத்தி பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில் பாயாசம் அடிப்பிடித்துவிட்டது. சமையலுக்கு நின்ற பெண்கள் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு நிற்க, இவன் கையைத் துடைத்தபடி வந்து, "நான்தான் கிண்டாமல் விட்டிட்டன்" என்றான். அந்த நேரம் முழுவதும் அவன் வெளியே கார்களுக்கு இடம் காட்டிக்கொண்டு நின்றதை நான் யன்னலால் பார்த்திருந்தேன்.

"ஏன்ரா பொய் சொன்னனி?" என்று பிறகு கேட்டேன்.

"ஆரோ ஒராள் சொல்லத்தானே வேணும் அக்கா. சொன்னாத்தான் மற்றவை சாப்பிடுவினம்."

இரண்டாயிரத்து ஐந்து தை மாதம். அவர்கள் வீட்டைச் சூடாக்கும் பொயிலர் செவ்வாய்க்கிழமை நின்றுவிட்டது. திருத்துகிறவன் திங்கட்கிழமைதான் வருவேன் என்றான். மேல்மாடியில் வாசலுக்கு நேரே உள்ள சின்ன அறையில் இராஜேந்திரன் இருந்தான். முப்பத்துநாலு வயது, ஜேர்மனி வழியாக வந்து மூன்று வருடம், இன்னும் அகதிக் கேஸ் முடியவில்லை. அவனுக்கு நெஞ்சு எப்போதும் பலவீனம். அந்த வாரம் சளி இறுகி, மூச்சு இழுக்கும் சத்தம் கீழே குசினிவரை கேட்டதாம். யன்னலால் காற்று வருகிறது என்று யோகன் பார்சல் ஒட்டும் மண்ணிற ரேப்பை எடுத்து யன்னலைச் சுற்றி ஒட்டினான். இரண்டு சுற்று.

வியாழக்கிழமை காலை அவன் பின்வளவில், கோடைக்கு இறைச்சி வாட்டி மிஞ்சிய கரியைப் பற்றவைத்து, பழைய அலுமினியச் சட்டியில் தணல் அள்ளி மேலே கொண்டுபோனான். எங்கள் ஆட்களுக்கு இது புதினமான காரியம் இல்லை. நெஞ்சுச்சளிக்கும் வைப்போம், பிள்ளை பெற்றவளுக்கும் வைப்போம், மேலே சாம்பிராணி தூவுவோம். அதனால் ஒருவர் செத்தார் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. எங்கள் ஓட்டு வீடுகளில் கூரைக்கும் சுவருக்கும் நடுவே பூனை வந்து போகும். புகை போகாதா? ஆனால் அந்தச் சின்ன அறைக்குப் பூனை போகும் வழி இல்லை. ஊசி போகும் வழியையும் யோகன் ரேப் ஒட்டி அடைத்திருந்தான்.

யோகன் அரை மணி நேரம் கதவைத் திறந்தபடி வைத்திருந்துவிட்டு, சட்டியைத் திரும்பப் பின்வளவில் கொண்டுவந்து வைத்தான். இரண்டு மணி ஷிப்டுக்கு வெளிக்கிட்டுப் போனான்.

இனிச் சொல்லப் போவதை நான் அறிந்தது ஒரு வருடம் கழித்துத்தான். ஆனாலும் நடந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

அவன் போனபிறகு இராஜேந்திரன் மேலிருந்து கூப்பிட்டானாம். "அக்கா, குளிர் தாங்கேலாமல் கிடக்கு. அந்தச் சட்டியைத் திரும்பக் கொண்டுவாங்கோவன்." தவமலர் பின்வளவுக்குப் போய், தணலை விசிறி, பையில் கிடந்த மிச்சக் கரியையும் போட்டு, நன்றாகச் சிவந்த பிறகு மேலே கொண்டுபோய் வைத்தாள். "கதவைச் சாத்திவிடுங்கோ, சூடு போகுது" என்றானாம். சாத்தினாள். பிள்ளைகளைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம் போனாள். ஐந்து மணிக்குக் கொத்தமல்லித் தண்ணியோடு கதவைத் தட்டினாள்.

யோகன் பெற்றோல் செட்டில் இருந்து ஓடிவந்தபோது பொலிஸ் வாசலில் நின்றது. சட்டியைக் காட்டி, இதை இங்கே வைத்தது யார் என்று கேட்டார்கள். தவமலரின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. யோகன் அவளைப் பார்த்தான். சட்டியைப் பார்த்தான். காலையில் தான் வெளியே வைத்த சட்டி திரும்ப மேலே இருக்கிறது என்றால் கொண்டுவந்தது யார் என்று யோசிக்க அவனுக்கு அதிக நேரம் தேவைப்பட்டிராது. "மீ" என்றான். ஷிப்டுக்குப் போகமுன் வைத்ததாகச் சொன்னான். அவனை ஏற்றிக்கொண்டு போகும்போது, சப்பாத்துப் போடக் குனிந்தவன் அவளுக்கு மட்டும் கேட்கச் சொன்னதாம்: "வாயைத் திறவாதை. பிள்ளையள் ரெண்டும் உன்னோடை."

பொலிஸ் நிலையத்தில் மொழிபெயர்க்க வந்தது தக்ஷிகா என்று ஒரு பிள்ளை. எங்கள் ஆள்தான், ஆறு வயதில் இங்கே வந்து வளர்ந்தவள். கெட்ட பிள்ளை இல்லை. விசாரணையைப் பதிந்த ஒலி ரேப்பிலே எல்லாம் இருக்கிறது, கோர்ட்டில் நான் என் காதாலேயே கேட்டேன். பொலிஸ்காரர் கேட்கிறார். அவள் தமிழில் சொல்கிறாள். யோகன் விம்முகிறான். மூக்கை உறிஞ்சுகிறான். பிறகு, "நான்தான்... நான்தான் கொண்டுபோட்டன். நான்தான் கொண்டுபோட்டன்."  தக்ஷிகா இங்கிலீசில் சொல்கிறாள்: நான் அவனைக் கொன்றுவிட்டேன்.

எங்கள் பேச்சில் ஒன்று என்பது ஒண்டு, கன்று என்பது கண்டு. கொன்றாலும் கொண்டுதான், கையில் எடுத்துக்கொண்டு போனாலும் கொண்டுதான். இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழைகூட இல்லை. நாங்கள் சொல்கிறவனின் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொள்வோம்.

வழக்கு ஒரு வருடம் கழித்து, மாசி மாதம் வந்தது. வேண்டுமென்று கொன்றான் என்று யாரும் சொல்லவில்லை. அவனுடைய லோயர் ஷோபா, தமிழ்ப் பிள்ளை, எனக்கு விளங்கும்படி சொன்னாள்.

"அன்ரி, ஆபத்து எண்டு தெரியாமல் செய்தா அது விபத்து. உயிர் போகும் எண்டு ஆருக்கும் விளங்கக்கூடிய இடத்திலை, கவனிக்காமல் விட்டா அது குற்றம். அங்கிளுக்கு அது தெரியுமோ தெரியாதோ, அதுதான் ஜூரி யோசிக்கப் போகுது."

"அவனுக்குத் தெரியாது பிள்ளை. எனக்கும் தெரியாது. உனக்குத் தெரியுமோ?"

"கரிப்பையிலை எழுதிக் கிடக்கு அன்ரி. வீட்டுக்குள்ளை எரிக்கக் கூடாதெண்டு."

"ஆர் பிள்ளை கரிப்பை வாசிக்கிறது?"

அவள் சிரிக்கவில்லை.

அரசாங்கத்தின் வக்கீல் உயரமான மனிதர், மெதுவாகப் பேசுவார். கரிப்பையைத் தூக்கிக் காட்டினார். ரேப் ஒட்டிய யன்னலின் படத்தைக் காட்டினார். பிறகு அந்தச் சொல்லுக்கு வந்தார். புகைதான் கொன்றது என்று டொக்டர் அறிக்கை வந்தது இரண்டு நாள் கழித்து. அன்றைக்குப் பொலிஸ் நிலையத்தில் யாருக்கும் காரணம் தெரியாது. ஆனால் இவர் 'நான் கொன்றுவிட்டேன்' என்கிறார். ஆபத்துத் தெரியாத மனிதர் அப்படிச் சொல்வாரா என்று கேட்டார்.

ஷோபாவின் பக்கம் தர்மலிங்கம் என்ற மலேசியாக்காரரைக் கூட்டிவந்தது. படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட பெரியவர், தமிழ் இலக்கணம் தெரிந்தவர், கழுத்துப்பட்டியோடு வந்தார். கொண்டு என்றால் எடுத்துக்கொண்டு, போட்டேன் என்றால் வைத்தேன், கொன்று என்றால் வேறு எழுத்து என்று அழகாக விளக்கினார். பன்னிரண்டு ஜூரிகளும் தலையாட்டினார்கள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

உயர வக்கீல் எழும்பினார். யாழ்ப்பாணத்தில் 'ஒன்று' என்பதை எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டார்.

"ஒண்டு."

'நின்று' என்பதை?

"நிண்டு."

'கன்று'?

"கண்டு."

அப்படியானால் 'கொன்று' என்பதை?

தர்மலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பந்தடி பார்ப்பவர்கள் போல ஜூரிகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கொண்டு" என்றார், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல.

வெளியே நடையில் என்னைக் கண்டு கை கூப்பினார். "மன்னிச்சிருங்கம்மா. அவரு கேட்டாரு. நான் பொய் சொல்ல முடியாதுல்ல."

"நீங்கள் ஏன் ஐயா எங்கடை பேச்சைப் படிச்சனீங்கள்?" என்றேன். கோபத்தில் சொன்னது. அவர் என்ன செய்வார், பாவம்.

அடுத்த நாள், யோகனுக்காகக் கோர்ட்டில் பேச ஷோபா ஒழுங்குசெய்த வக்கீல் வேறு வழி பிடித்தார். எங்கள் ஆட்கள் சாவீட்டில் அப்படித்தான் அழுவார்கள், தாய் பிள்ளையைப் பார்த்து 'நான்தான் உன்னைக் கொண்டுபோட்டன்' என்பாள், அது துக்கம், ஒப்புதல் அல்ல என்றார். உண்மைதான். என் தாய் செத்தபோது நானும் அப்படித்தான் அழுதேன். ஆனால் உயர வக்கீல் எழும்பிப் புன்சிரிப்போடு கேட்டார்: நேற்றுக் 'கொண்டுவந்தேன்' என்றார் என்றீர்கள். இன்றைக்குக் 'கொன்றேன்' என்று அழுதார் என்கிறீர்கள். இரண்டில் எது?

 யோகனைக் கேட்டபோது, "நான்தான் சட்டியை வைச்சனான். ஆபத்தெண்டு தெரியாது" என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

நாலு நாள் நான் தவமலருக்குப் பக்கத்தில் இருந்தேன். அவளுடைய கை என் கையில் ஐஸ் போலக் கிடந்தது. தம்பியைச் சாகவிட்டவன் என்று அவனில் வெறுப்போ என்று நினைத்தேன். கேட்கவும் செய்தேன், மடைச்சி. அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் கிடக்கிறது.

ஜூரி உள்ளே போய் ஒன்றரை நாள் வெளியே வரவில்லை. ஒருமுறை வந்து அந்த ரேப்பைத் திரும்பப் போடச் சொன்னார்கள். தமிழில் ஒரு சொல்லும் விளங்காத பன்னிரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு யோகன் விம்முவதைக் கேட்டார்கள். எல்லோரும் ஒத்துவராவிட்டால் பத்துப் பேர் போதும் என்று நீதிபதி சொல்லியனுப்பினார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தார்கள். முன்னால் இருந்த பெண் எழுந்து நின்றாள். குற்றவாளி. பத்துப் பேர் ஓம், இரண்டு பேர் இல்லை. ஜூரிகளின் பின்வரிசையில் ஓர் இளம்பெண் முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் என் கையிலிருந்த கை உருவிக்கொண்டு போனது. தவமலர் எழுந்து நின்றாள். நாலு நாள், இல்லை, ஒரு வருடம் திறக்காத வாய்.

"நான்தான் கொண்டுபோட்டன்! ஐயோ, நான்தான் கொண்டுபோட்டன்!"

கோர்ட் திடுக்கிட்டுத் திரும்பியது. நீதிபதி, அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். கூண்டில் யோகனுக்குப் பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் எழுந்தார். யோகன் அவருடைய கோட்டுக் கையைப் பிடித்து ஏதோ சொன்னான். அவர் நீதிபதியைப் பார்த்து இங்கிலீசில் சொன்னதைப் பிறகு ஷோபா எனக்குச் சொன்னாள்: இறந்தவரின் அக்கா அழுகிறார். எங்கள் பெண்கள் துக்கத்தில் இப்படித்தான் சொல்லி அழுவார்கள்.

நீதிபதி இரக்கமாகத் தலையசைத்தார். உயர வக்கீலும் தலை குனிந்தார். காவலுக்கு நின்ற பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவன் சொன்னதை ஒப்புதல் என்று எடுத்தவர்கள், இவள் சொன்னதை ஒப்பாரி என்று எடுத்தார்கள். அதே சொல், அதே சுவர்கள்.

நானும் அப்படித்தான் எடுத்தேன். கோர்ட்டுக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் வைத்து அவள் எல்லாம் சொன்னபிறகுதான் விளங்கியது. நாலு நாளும் எல்லோரும் 'கொண்டு' என்ற சொல்லையே கிழித்துக்கொண்டிருந்தார்கள். பொய் இருந்தது 'நான்தான்' என்பதில். அந்த 'நான்தான்'ஐ பதினேழு வருடமாகத் தொலைபேசியில் கேட்டவள் நான். பாயாசச் சட்டிக்கு முன்னால் கேட்டவள் நான். எனக்கே தட்டவில்லை என்றால் பத்து வெள்ளைக்காரரை என்ன சொல்வது?

தவமலரை ஷோபாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவள் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். பிறகு தவமலரின் பக்கம் திரும்பினாள்.

"அன்ரி, இப்ப சொன்னா உங்களையும் பிடிப்பினம். அங்கிளையும் விடாயினம். ரேப் ஒட்டினது அவர், காலமை தணல் வைச்சதும் அவர். பொலிசுக்குப் பொய் சொன்னதும் சேரும். பிள்ளையள் ரெண்டையும் கவுன்சில் எடுத்துப்போடும். முதலிலை அவரைக் கேப்பம்."

சிறையில் கேட்டதற்கு யோகன் சொன்ன பதில்: "அவளுக்கு விசர். துக்கத்திலை பிதற்றிறாள். நான்தான் வைச்சன்."

மூன்று வருடம் தீர்ப்பு. அழுத அந்த இளம்பெண் இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் எழுதினாள். ஒன்றரை நாளும் அந்த ஒரு சொல்லைத்தான் சண்டைபிடித்தோம், ஆபத்து அவருக்குத் தெரிந்திருக்குமா என்று நீதிபதி யோசிக்கச் சொன்னதை யாரும் யோசிக்கவில்லை, வார இறுதிக்குள் முடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டார்கள் என்று எழுதியிருந்தாள். எங்களுக்கு உயிர் வந்தது. அப்பீலுக்குப் போனோம். ஜூரி அறைக்குள் பேசியதைக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்று மூன்று நீதிபதிகள் கடிதத்தைத் தொடாமலே திருப்பிவிட்டார்கள். அந்த அறைக்கு ஒரு சின்ன இடைவெளிகூட விடமாட்டார்களாம்.

பாதிக் காலம் இருந்துவிட்டு, இரண்டாயிரத்து ஏழு ஆவணியில் யோகன் வெளியே வந்தான். நான் பார்க்கப் போனேன். நல்ல வெயில். அவன் கோட்டுப் போட்டுக்கொண்டு இருந்தான். தவமலர் தேத்தண்ணி வைத்துவிட்டு, எங்களோடு இராமல் மேலே போய்விட்டாள்.

"யோகன், இனி என்னட்டையாவது சொல்லு. அண்டைக்கு ரேப்பிலை நீ சொன்னது எது? கொண்டு எண்டு எதைச் சொன்னனி?"

அவன் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"சட்டியைக் கொண்டுபோட்டன் எண்டுதான் சொல்ல வெளிக்கிட்டன் அக்கா. அவளை விட்டிடட்டும் எண்டு. பிறகு அந்தப் பிள்ளை இங்கிலீசிலை 'கில்' எண்டுது. அந்தச் சொல் எனக்கு விளங்கும். கேட்ட உடனை, ஓம், அதுதானே எண்டு கிடந்தது. யன்னலுக்கு ரேப் ஒட்டினது நான்தானே."

"அப்ப அவளிட்டை அதைச் சொல்லன். அவள் தன்னாலை எண்டெல்லோ உருகிறாள்."

"சொன்னனான். ஒவ்வொரு நாளும் சொல்லுறன். நான் சொன்னா நம்பமாட்டாளாம். நான் எல்லாத்துக்கும் நான்தான் எண்டுறவனாம்."

அதன்பிறகு இரண்டு குளிர்காலம் போய்விட்டது. அந்த வீட்டில் இப்போது ஒரு யன்னலும் சாத்துவதில்லை. தவமலர் சாத்த விடமாட்டாள். பொயிலர் இரவு பகலாக எரிகிறது, சூடெல்லாம் தெருவுக்குப் போகிறது. பிள்ளைகள் கோட்டும் தொப்பியுமாக இருந்து படிக்கிறார்கள். இந்த மாசியில் பனி கொட்டியபோது மேலே அந்தச் சின்ன அறையின் நிலத்தில் ஒரு சாண் உயரத்துக்குப் பனி கிடந்ததாம். யோகன் அள்ளி வெளியே கொட்டிவிட்டு, யன்னலைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்தானாம்.

அன்று பின்னேரம் எனக்கு மணி அடித்தது. எடுத்தேன். மறுபக்கத்தில் காற்று மட்டும் இரைந்தது. 

"ஆர்?" என்றேன்.

"யோகராஜா கதைக்கிறன்," என்றான்.